கையெழுத்துப் போட வராத அத்தை

மதுரையில் நாங்கள் குடியிருக்கும் வாடகை வீட்டுக்குப் பக்கத்துப் போர்ஷனில் இன்று பெயின்ட் அடிக்கிறார்கள். அந்த வாசம் மூக்கில் ஏறியதுமே பாளையம்பட்டி வீட்டை விற்ற நாட்கள் வந்துவிட்டன. அப்போது நான் வேலைக்குச் சேர்ந்த புதுசு. நாலு வீடியோ பார்த்துவிட்டு, வீடு விற்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று திரிந்தேன். முதலில் பெயின்ட், அப்புறம் போட்டோ, வில்லங்கச் சான்று, பத்திரம். இதில் என்ன குழப்பம் வரப்போகிறது?

பெயின்டர் அடுப்படியை ஒட்டிய மூலைக்கு வந்ததும் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டார். அந்தச் சுவரில் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருக்கும். எங்கள் பக்கம், சின்ன வயதில் இறந்துபோன பெண்பிள்ளையை வீட்டுச்சாமியாகக் கும்பிடுவோம். எங்கள் சாமி அப்பாவின் தங்கச்சி. அத்தை என்கிறேனே தவிர, பாவாடை சட்டை வயதைத் தாண்டாதவள். பொங்கலுக்கு முதல் புதுத்துணி அவளுக்குத்தான். எனக்கு அதில் கொஞ்சம் பொறாமை கூட உண்டு.

"அத மட்டும் விட்டுருங்க" என்றார் அப்பா.

வீடு தாத்தா பேரில் இருந்தது. பத்திரம் எழுதுகிறவர், "வாரிசு யாரு யாரு அண்ணாச்சி?" என்றார்.

"நான் ஒருத்தன். பெறகு ஒரு தங்கச்சி."

"அவுகளும் கையெழுத்துப் போடணுமே. எங்கன இருக்காக?"

"வீட்டுலதான்."

"அப்ப நாளைக்குக் கூட்டிட்டு வந்துருங்க."

"அவ வர மாட்டா."

ஏதோ பங்குச் சண்டை என்று நினைத்திருப்பார், என்னைப் பார்த்தார். நான்தான் விஷயத்தைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "சின்னதுல போனவுகளுக்கு இதுல எடமில்ல அண்ணாச்சி" என்றார் மெதுவாக. அப்பா தலையாட்டினார். அது சம்மதமா வருத்தமா, எனக்கு விளங்கவில்லை.

அருப்புக்கோட்டையில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் புருஷன் பொண்டாட்டி வீட்டை வாங்கினார்கள். கைரேகை, போட்டோ எல்லாம் முடிந்து, சாவியையும் கொடுத்துவிட்டு டீ குடிக்கும்போதுதான் அப்பா கிளாஸைக் கீழே வைத்தார்.

"ஏலே, பிடிமண்ணு எடுக்கலையே."

சாமியை வேறு வீட்டுக்குக் கொண்டுபோக, அது இருந்த மூலையில் ஒரு பிடி மண் எடுக்க வேண்டும். எந்த வீடியோவிலும் இதைச் சொல்லவில்லை. மூலையிலோ டைல்ஸ். டைல்ஸும் இப்போது அவர்களுடையது.

போய்க் கேட்டோம். கடைக்காரர், "தரைய ஒடைக்கவா?" என்று இழுத்தார். அவர் வீட்டு அக்காதான் குறுக்கே வந்தார். "அவுக பாட்டுக்கு இருக்கட்டும்ணே. எனக்கும் பொம்பளப்புள்ள இல்ல. நான் பாத்துக்கிறேன்."

"சரி தாயி" என்றார் அப்பா. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும், "நான் ஏம்லே சரின்னேன்?" என்று என்னிடம் கேட்டார்.

பட்டா பெயர் மாறிவிட்டதாகத் தகவல் வந்தது. பொங்கலும் வந்தது. அம்மா புதுப் பாவாடையை வைத்துக்கொண்டு எந்தச் சுவர் என்று கேட்டார். இங்கே ஆணி அடிக்கவே ஹவுஸ் ஓனரைக் கேட்க வேண்டும். பாளையம்பட்டி இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டோம். அது எந்தத் திசை என்பதில் ஆளுக்கொரு கருத்து.

போன மாதம் அந்த அக்கா அப்பாவுக்குப் போன் பண்ணினார். "அண்ணே, வீட்ட இடிச்சுட்டுக் குடோன் கட்டுறோம். இடிக்க முந்தி மூலையில ஒரு பிடி எடுத்து வச்சிட்டேன். நீங்க வாங்கிக்கிறீகளா, நானே வச்சுக்கவா? எனக்கும் பழகிருச்சு."

அப்பா போனை இன்னொரு காதுக்கு மாற்றினார். பிறகு, "பாதி நீ வச்சுக்க தாயி" என்றார்.

சாமியைப் பாதியாகப் பிரிக்கலாமா? விசாரித்த இடத்தில் எல்லாம் முழித்தார்கள். மண்ணை வாங்கிவர நான்தான் போனேன். வீடு இருந்த இடத்தைச் சமமாக நிரவிப் போட்டிருந்தார்கள்.

"அந்த மூல எங்கிட்டுக்கா இருந்துச்சு?"

அக்கா ஓரிடத்தைக் காட்டினார். இல்லை என்று தலையை ஆட்டிக்கொண்டு கொஞ்சம் தள்ளிப் போய் நின்றார். "இங்கனதான்னு நெனைக்கேன்."

நான் பிறந்து வளர்ந்த வீடு. இரண்டு இடத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். இரண்டுமே எனக்குச் சரியென்றுதான் பட்டது.