எலுமிச்சம்பழ விரல்

காகிதம்கூடச் சுற்றாமல் ரொட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு போகிற நாட்டிலிருந்து லீவில் வந்தவன் நான். புதுச்சேரி வைத்திக்குப்பத்தில் எங்கள் வீட்டு வாசலிலேயே அம்மா என்னை மடக்கிவிட்டாள். "மொதல்ல கைய நீட்டுடா, பாரீஸ்காரா," என்று சானிடைசரைப் பீச்சினாள். அதே வாசல் வழியாகப் பக்கத்து வீட்டு அத்தைகள் நேராக உள்ளே போய் அக்காவின் கைக்குழந்தைக்கு முத்தம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பீச்சவில்லை. பாரீஸ் கிருமி மட்டும் தனி ஜாதி போல.

பாரீஸ் டிராமில் ஒருமுறை, தள்ளுவண்டியில் இருந்த குழந்தையின் கன்னத்தை ஊர்ப் பழக்கத்தில் தொட்டு என் விரலை முத்தமிட்டேன். "த்ரே ஜொலி," ரொம்ப அழகு என்றேன். அதன் அம்மா சிரித்து "மெர்சி" என்றாள். சரி, சந்தோஷப்பட்டுவிட்டாள் என்று நினைத்தேன். அடுத்த நொடி ஈரத்தாளை எடுத்து நான் தொட்ட இடத்தை மட்டும் துடைத்தாள். ஊருக்குப் போய் அக்கா பிள்ளையை ஆசைதீரத் தூக்குவேன், தாய்மாமனை எவன் துடைப்பான் என்று அன்றைக்கே நினைத்துக்கொண்டேன்.

நான் வந்த கொஞ்ச நாளில் பாப்பாவின் தொடை மடிப்பில் சின்னச் சின்னதாகச் சீழ்க் கொப்புளங்கள். நிறைமாதத்தில் பிறந்து, நன்றாகப் பால் குடித்து, ஒரு குறையும் இல்லாமல் இருந்த குழந்தை. வீடு முழுக்க என்னைப் பார்த்தது. நான் வாங்கி வந்த டயப்பரை அம்மா மோந்து பார்த்து மூலையில் வீசினாள். மாமா, அதாவது அக்கா புருஷன், பிளேனில் பக்கத்தில் யார் உட்கார்ந்தது என்று போலீஸ் மாதிரி விசாரித்தார். நானும் சும்மா இல்லை. மாமாவின் மீன் வலை நாறும் லுங்கி, அத்தைகளின் முத்தம், குளிப்பாட்ட வரும் ஆயா தேய்க்கும் எண்ணெய் என்று மனசுக்குள் எல்லார் மேலும் கேஸ் போட்டேன். அக்காவோ நான் கை நீட்டினால் பாப்பாவை அடுத்த தோளுக்கு மாற்றிக்கொண்டாள். அதுதான் சுட்டது.

பாப்பா பால் குடிக்காமல் துவண்டதும் கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டாக்டர் உடனே அட்மிஷன் போட்டு, சீழை டெஸ்டுக்கு அனுப்பி, ஊசியை ஆரம்பித்தார். வீட்டில் யாருக்காவது கட்டி, புண் இருக்கிறதா என்று கேட்டார். இல்லவே இல்லை என்று அம்மாதான் முந்திக்கொண்டாள். சொல்லிக்கொண்டே பாப்பாவின் போர்வையை இழுத்துவிட்டாள். டாக்டரின் பார்வை அந்தக் கையிலேயே நின்றது.

"விரல்ல என்னம்மா எலுமிச்சம்பழம்?"

"நகச்சுத்துங்க. மீன் முள்ளு குத்திச்சி. அதான் சொருவிக்கினு இருக்கேன்."

"உள்ள சீழ் இருக்கா?"

அம்மா கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். நான் வந்திறங்கிய நாளிலிருந்து அந்த மஞ்சள் விரல் எல்லார் கண்ணெதிரிலும்தான் இருந்தது. எனக்குச் சானிடைசர் பீச்சியதே அந்தக் கைதான். மீன் விற்கிற வீட்டில் நகச்சுத்தை யார் வியாதியில் சேர்ப்பார்கள்?

சீழ் பிடிக்க வைக்கும் ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமி என்று ரிசல்ட் வந்தது. நன்றாக இருப்பவர்கள் தோலிலும் மூக்கிலும்கூட இது இருக்கும், இன்னாரிடமிருந்துதான் வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது, யார் தூக்கினாலும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், புண்ணை மூடி வையுங்கள் என்றார் டாக்டர். அம்மாவின் விரலையும் கீறிக் கட்டுப் போட்டார்கள். மாமா என் முகத்தைப் பார்க்காமல் ஒரு டீயை நீட்டினார். அவருடைய மன்னிப்பு அவ்வளவுதான்.

பாப்பா தேறி வீட்டுக்கு வந்தது. அக்கா முதல்முறையாக என் மடியில் கிடத்தினாள். அம்மா கதவோரம் நின்றாள். விரல் ஆறியிருந்தது. வாம்மா, கழுவிட்டுத் தூக்கு என்றேன்.

"நீயே வச்சிக்கடா. நான் இங்கருந்தே பாத்துக்கறேன்."

டிராமில் நான் நின்ற இடத்தில் இப்போது அவள் நின்றாள்.

மறுபடி பாரீஸ். அக்கா மடியில் பாப்பா இருக்க, அம்மாதான் போனைப் பிடித்து வீடியோ கால் போடுகிறாள். தூக்கினாயா என்று கேட்க எனக்குத் தைரியம் வருவதில்லை. இங்கே போன் அடித்ததும் நான் முதலில் குழாய்க்குப் போகிறேன். சோப்புப் போட்டுக் கழுவி ஓடி வந்து திரையைத் தேய்க்கிறேன். ஈர விரலுக்கு அது திறப்பதில்லை. போன் அடித்துக்கொண்டே இருக்கிறது.