ஆறு கிலோபைட் அதிகம்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில், நோயாளியின் இதயத்துடிப்பைத் திரையில் காட்டும் சிறு கருவிகள் செய்கிற கம்பெனியில் நானும் அவனும் ஒரே நாளில் சேர்ந்தோம். நான் தென்காசிப் பக்கம். காட்டுப்பாக்கத்தில் வாடகை ஃபிளாட். அவன் பட்டாபிராமிலேயே பிறந்து வளர்ந்தவன். கருவிக்குள் ஓடும் அடிப்படை மென்பொருளான கெர்னல் என் பொறுப்பு. அவன் கூடுதல் நினைவகம் உள்ள புதிய சர்க்யூட் போர்டு ஒன்றை வடிவமைத்துக்கொண்டிருந்தான். இரண்டு வருஷ உழைப்பு.

போன மழைக்காலத்தில் கெர்னலில் இருந்த ஒரு பாதுகாப்புக் குறையைச் சரிசெய்தோம். அதோடு அது பெருத்துவிட்டது. ஆஸ்பத்திரிகளில் ஏற்கெனவே ஓடுகிற பழைய கருவிகளின் நினைவகத்துக்கு ஆறு கிலோபைட் அதிகம். எப்படியாவது குறைத்துக் கொடு என்றார் மேனேஜர்.

தோண்டிப் பார்த்ததில் காரணம் தெரிந்தது. வேகத்துக்காகச் ஃபங்ஷன்கள் எனப்படும் சின்னச் சின்ன நிரல் துண்டுகளை இன்லைனாக எழுதியிருந்தோம். அப்படி எழுதினால், அதைப் பயன்படுத்துகிற ஒவ்வொரு இடத்திலும் நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் ஒரு முழுப் பிரதியை ஒட்டிவிடும். நான் ஒவ்வொன்றாகப் பிடுங்கி லைப்ரரி என்ற பொதுத் தொகுப்பில் சேர்த்தேன். இனி ஒரே பிரதிதான். தேவைப்படும்போது அங்கே போய் வரவேண்டும். அளவு மளமளவென்று இறங்கியது. ஆனால் திரையில் துடிப்புக் கோடு அங்கங்கே அறுந்தது. மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டுவிட்டு அவனைக் கூப்பிட்டேன்.

"இன்னா மச்சான், எல்லாத்தையும் வெளிய தள்ளிட்டியா?" என்று பக்கத்தில் உட்கார்ந்தான். கொஞ்ச நேரத்தில் ஒரு வரியில் விரலை வைத்தான். "இது சென்சாரைப் படிக்கிறது. நீ லைப்ரரிக்குப் போய்ட்டு வர்றதுக்குள்ள அடுத்த ரீடிங் வந்துகினு கீது. இத்த மட்டும் உள்ளயே வுட்டுடு."

விட்டேன். கோடு அறுபடாமல் ஓடியது. நினைவகத்திலும் இடம் மிச்சம். திரையில் அந்த மிச்ச அளவையே பார்த்துக்கொண்டிருந்தவன், "அப்ப என் போர்டு எதுக்கு?" என்று சிரித்தான். எனக்கு அப்போதே புரிந்தது. புரியாததுபோல டீ குடிக்கக் கூப்பிட்டேன்.

அடுத்த மீட்டிங்கில் மேனேஜர், "பழைய போர்டே போதுமே" என்றார். எல்லோரும் எனக்குக் கை தட்டினார்கள். அவன் என் எதிரில்தான் உட்கார்ந்திருந்தான். அந்த மாதமே புதிய போர்டைக் கைவிட்டார்கள். அவனையும் அனுப்பிவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பட்டாபிராமுக்குப் போனேன். அவன் மனைவி, "வாங்கண்ணா" என்று நாற்காலி போட்டுவிட்டு உள்ளே போனாள்.

"நான் இதைச் செஞ்சிருக்கக் கூடாதுடா" என்றேன்.

"லூசு மாதிரி பேசாத. ஆஸ்பத்திரில படுத்துகினு கீறவன் என் போர்டு வர்ற வரைக்கும் காத்துகினு இருப்பானா?" பிறகு மெதுவாகச் சொன்னான்: "ஆனா மீட்டிங்ல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் மச்சான். அந்த ஒரு வரிய நான்தான் காட்டுனேன்னு."

மறுநாள் மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். "அப்படியா" என்றார்; மறுபடி கம்ப்யூட்டரைப் பார்க்கத் திரும்பிவிட்டார்.

இப்போது அவன் ஓசூரில் தனியாக அறை எடுத்து வேலை பார்க்கிறான். குடும்பம் பட்டாபிராமில்தான். முதலிலெல்லாம் போன் செய்தால் பேசுவான், பிள்ளையின் படிப்பைப் பற்றி, சாப்பாட்டைப் பற்றி. வேலையைப் பற்றி இருவருமே வாயைத் திறக்கமாட்டோம். கடைசி இரண்டு முறை அவன் எடுக்கவில்லை. அதற்குப் பிறகு நானும் கூப்பிடவில்லை.