பிரேக் எண்ணெய்

ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பதுகளில் என் கணவர் ஒரு சின்னக் கார் வாங்கினார். ஒருநாள் பிரேக் எண்ணெய் குறைந்திருந்தது. கடையில் அது கிடைக்காததால் எஞ்சின் எண்ணெயை ஊற்றி நிரப்பினார். "எல்லாம் எண்ணெய்தானே" என்றார்.

சில நாள் கழித்து, கைக்குழந்தையை மடியில் வைத்தபடி அவரோடு கோமாரியிலிருந்து கல்முனைக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். காரைதீவை நெருங்கும்போது எருமைக் கூட்டம் ஒன்று தெருவைக் கடந்தது. அவர் பிரேக்கை மிதித்தார். மிதி அடிவரை போனது, கார் நிற்கவில்லை.

"புள்ளையக் கெட்டியாப் புடிச்சிக்க. பிரேக்கு பிடிக்குதில்ல" என்றார். அது அவருடைய குரலாகவே இல்லை. நான் குழந்தையின் மேல் கவிழ்ந்துகொண்டு கலிமா சொல்லத் தொடங்கினேன். பாதியில் அடுத்த சொல் நினைவுக்கு வரவில்லை. அவர் கியரைக் குறைத்து, கைப்பிரேக்கை இழுத்து, காரைத் தெருவோர மணலில் இறக்கினார். அது சரிந்து நின்றது.

கல்முனையில் மெக்கானிக் பிரேக்கைக் கழற்றி, எஞ்சின் எண்ணெயில் ஊறி உப்பிப்போன ரப்பர்களைக் காட்டினார். அவற்றை மாற்றி, குழாய்களைக் கழுவி, பிரேக்குக்கென்றே விற்கும் எண்ணெயை ஊற்றினார்.

அதன்பின், அவர் பிரேக் எண்ணெய் மூடியைத் திறந்து மட்டத்தை எனக்குக் காட்டினால்தான் காரில் ஏறுவேன். ஏறிய பிறகும், வீடு சேரும்வரை என் வலது கால் வெறும் தரையை அழுத்திக்கொண்டே இருக்கும்.