முதல் பஸ்ஸும் என் பத்து நாளும்

ஊருக்காகக் கத்துவதும் ஒரு தொழில்தான் என்று ஒப்புக்கொண்டால், அதில் எனக்கு முப்பத்தெட்டு வருட சர்வீஸ். தடியடி சம்பளம், ரிமாண்டு போனஸ். பள்ளிக்கூடம் எட்டாவதோடு சரி. மீதிப் படிப்பெல்லாம் மில் கேட்டில் கொடுத்த துண்டறிக்கைகளில் படித்ததுதான். பிறகு நானே எழுத ஆரம்பித்தேன். நான் எழுதிய ஒரு பக்கத்தால் இரண்டு ஷிப்டு நின்றதுண்டு. இதை எடுத்துச் சொல்ல இன்று யாரும் இல்லாததால் நானே சொல்லிக்கொள்கிறேன். என்னோடு கொடி பிடித்தவர்களில் ஒருவர் கல்யாண மண்டபம் கட்டிவிட்டார். இன்னொருவர் முதலாளி வீட்டுக் கல்யாணத்தில் பந்தி விசாரித்தார். எனக்கு மிஞ்சியது ஒரு பேனா. மில் மூடிய பிறகு துடியலூர்ப் பக்கம் குடிவந்து, கேட்டவர்களுக்கு மனு எழுதிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

லத்திக்கு அசையாத என்னை உள்ளங்கை அகலக் கண்ணாடி ஒன்று அசைத்துவிட்டது. ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு வைத்துவிடலாம் என்று போனை எடுத்து, டீ ஆறி, சோறு ஆறி, கடைசியில் வேலையும் ஆறிப்போய் உட்கார்ந்திருக்கும் தோழர்களே, இது உங்களுக்குத்தான்.

ஒரு மணி நேர வேலை

செல்வி எங்கள் காலனிக்காரர். டவுனில் ஓர் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை. ஒருநாள் மத்தியானம் வேலை முடிந்து நேராக என் வீட்டுக்கு வந்தார். காலை ஐந்து மணிக்குப் புறப்படும் முதல் பஸ்ஸை அடுத்த மாதத்திலிருந்து நிறுத்தப்போகிறார்களாம். ஆட்சேபணை உள்ளவர்கள் பத்து நாளைக்குள் எழுதித் தரலாம் என்று பஸ் ஸ்டாப்பில் ஒட்டியிருக்கிறார்கள். காலனியிலிருந்து பதினோரு பெண்கள் அந்த பஸ்ஸை நம்பித்தான் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். ஆறு மணிக்கு அங்கே வருகைப் பதிவு மெஷினில் விரல் வைத்தாக வேண்டும். அடுத்த பஸ்ஸோ ஆறேகாலுக்கு. மூன்று நாள் தாமதமானால் கான்ட்ராக்டர் வேறு ஆளைப் போட்டுவிடுவார்.

"நீங்க எழுதுனா நின்ன பஸ்ஸும் ஓடுமுங்கண்ணா" என்றார் செல்வி. எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. "ஒரு மணி நேர வேலை அம்மணி, நாளைக்குக் காலைல முடிச்சுப்போடறேன்" என்றேன்.

மறுநாள் காலையில் தாளையும் பேனாவையும் எடுத்துவைத்துக்கொண்டு, செல்வி அனுப்பியிருந்த அறிவிப்பின் படத்தைப் பார்க்கத்தான் போனைத் திறந்தேன். பழைய தோழர்களின் வாட்ஸ்அப் குழுவில், கேட் போராட்டத்தன்று முதலில் தரையில் உட்கார்ந்தது தான்தான் என்று கல்யாண மண்டபத்துக்காரர் எழுதியிருந்தார். பொய்! அன்றைக்கு அவர் டீக்கடைக்குள் இருந்தார். வரலாற்றைத் திரிக்கிறார்கள் என்று பதில் எழுதினேன். அவர் எழுதினார். நான் எழுதினேன். இடையில் நான்கு பேர் கும்பிடு போட்டார்கள். யாருக்குப் போட்டார்கள் என்று ஒரு தனிச் சண்டை. நிமிர்ந்து பார்த்தால் மணி ஒன்றரை. சோற்றுத் தட்டோடு நின்றிருந்த என் மனைவி ருக்மணி கேட்டாள்: "ஏனுங்க, பஸ்ஸ நிறுத்தற ஆபீசரு அந்த குரூப்புல இருக்காருங்களா?"

தண்ணீர் குடிக்கவும்

நான்கு நாள் இப்படியே போனது. எனக்கே வெட்கமாகி, இதற்கு என்ன வழி என்று தேடினேன். எங்கே தேடுவது? போனில்தான். வேலையை ஒத்திப்போடும் பழக்கத்தை ஒழிப்பது எப்படி என்று ஒரு தம்பி அருமையாகப் பேசியிருந்தார். முக்கால் மணி நேரம். அது முடிந்ததும் அடுத்தது தானாகவே ஓடியது. மொத்தம் ஐந்து பார்த்தேன். கூட்டத்துக்குப் போனால் குறிப்பெடுக்காமல் வந்த பழக்கம் எனக்கில்லை. 'பெறுநர், கிளை மேலாளர் அவர்கள்' என்று மட்டும் எழுதி நின்றுபோயிருந்த தாள் கையருகே இருந்தது. அதன் கீழேயே முத்து முத்தாக எழுதிக்கொண்டேன்.

பொழுது சாய்ந்து கடைத்தெருவுக்குக் கிளம்பும்போது மேஜை மேலிருந்த தாள்களை அள்ளிக்கொண்டுபோய் ஜபார் பாயிடம் கொடுத்தேன். நோட்டீஸ் அடிக்கிற காலத்திலிருந்து எனக்குக் கூட்டாளி. இப்போது டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். மனு முடிந்ததும் கொண்டுவருகிறேன் என்று செல்வி விஷயத்தைச் சொல்லிவைத்திருந்தேன். இந்தத் தாள்களில் பாதி ஜெராக்ஸ் எடுக்க வேண்டியவை. பாய் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேல் தாளைத் தட்டச்சு செய்ய ஆரம்பித்தார். எட்டு வரி அடித்துவிட்டு நிறுத்தி, என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"தலைவரே, காலைல எந்திரிச்சதும் ரெண்டு டம்ளர் தண்ணி குடிங்க, பெரிய வேலையத் துண்டு துண்டாப் பிரிச்சுக்கங்கன்னு மேனேஜருக்குப் புத்தி சொல்லியிருக்கறீங்க. நெம்ப நல்லாத்தான் இருக்குது. பஸ்ஸு எத்தனாவது துண்டுலீங்க வருது?"

போனுக்கு வேலைநிறுத்த நோட்டீஸ்

அறிவுரை எனக்கு ஒத்துவராது. எனக்குத் தெரிந்தது போராட்டம். எங்கள் முறைப்படி முதலில் நோட்டீஸ், பிறகு பேச்சுவார்த்தை, பிறகு ஒப்பந்தம். போனை நிர்வாகமாக வைத்து, என்னைத் தொழிலாளியாக வைத்து, காலை ஆறிலிருந்து பத்து வரை போனைத் தொடமாட்டேன் என்று ஒரு வேலைநிறுத்த நோட்டீஸ் எழுதினேன். ஒன்றரைப் பக்கம். அடித்தல் திருத்தல் கிடையாது. அந்த நேரத்தில் மனுவையே எழுதியிருக்கலாமே என்று நீங்கள் நினைப்பது எனக்குக் கேட்கிறது.

சமரசப் பேச்சுக்கு லேபர் ஆபீசராக ருக்மணியை உட்காரவைத்தேன். கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். ஆஸ்பத்திரி அவசரத்துக்கு மட்டும் போனை எடுக்கலாம் என்று ஒரு விதிவிலக்கு வைத்தேன். நியாயம்தானே? தோழர்கள் யாராவது இறந்துவிட்டால் தெரிய வேண்டாமா? அது இரண்டு. தலைப்புச் செய்தி. வானிலை. யாராவது என்னைப் பற்றி அவதூறு எழுதினால் மறுக்கும் உரிமை. கீரை ஆய்ந்து முடிப்பதற்குள் பதினோரு விதிவிலக்கு ஆகிவிட்டது. ஆறிலிருந்து பத்தில் மிச்சமிருந்தது பல் விளக்கும் நேரம்தான். அதையும் ஒப்பந்தமாக எழுதி இருவரும் கையெழுத்துப் போடலாம் என்றேன்.

ருக்மணி கையைக் கழுவிக்கொண்டு வந்து படித்தாள். என் முப்பத்தெட்டு வருடத்தில் எந்த முதலாளியும் கேட்காத கேள்வியைக் கேட்டாள்: "நீங்க மில்லுலயும் இப்பிடித்தான் பேசி முடிச்சீங்களா?"

மேலே இடம் விட்ட தாள்

அந்தக் கேள்விக்குப் பிறகு போனை நானே அணைத்து அவள் கையில் கொடுத்தேன். அவள் அதை அரிசி டிரம்முக்குள் போட்டு மூடிவிட்டாள். இனி எழுதுவதைத் தவிர வேறு வழியில்லை என்று உட்கார்ந்தேன். பேனா நிப்பைத் துடைத்தேன். மேஜை ஆடுகிறது என்று காலுக்கு அட்டை வைத்தேன். பழைய துண்டறிக்கைக் கட்டைப் பிரித்து, தூசி தட்டி, வருட வாரியாக அடுக்கினேன். அடுக்குவதற்கே இரண்டு நாள். கெட்டுப்போனது போன் மட்டுமல்ல என்று அப்போதுதான் புரிந்தது.

ஒன்பதாம் நாள் மத்தியானம் செல்வி வந்து நின்றார். போன் போட்டும் கிடைக்காததால் நேரிலேயே வந்திருக்கிறார். மூச்சு வாங்கியது. கையில் நீளத் தாள். அதன் அடிப்பாதியில் ஒன்பது கையெழுத்து, இரண்டு கைநாட்டு. மேல் பாதி வெள்ளையாக இருந்தது.

வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதே என்று எத்தனை கேட் கூட்டத்தில் தொண்டை கிழியக் கத்தியிருப்பேன்! அப்படி வாங்கிய கையெழுத்துக்கு மேலே ராஜினாமாக் கடிதத்தை அடித்துத்தானே எங்கள் மில்லில் நாற்பது பேரை வெளியே அனுப்பினார்கள். "வெத்துத் தாள்ல போடலாமா அம்மணி? நான் என்ன வேண்ணாலும் எழுதிக்கலாமில்ல?" என்று கோபப்பட்டேன்.

செல்விக்குக் கோபம் வரவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார்: "நீங்க என்னத்தையாச்சும் எழுதுனாப் போதுமுங்கண்ணா. நாளைக்குக் கடைசி நாளு."

முதல் பஸ்ஸில்

அன்று யோசித்தேன். நான் எழுதிய நல்ல அறிக்கை ஒன்றுகூட வீட்டில் எழுதியது கிடையாது. எல்லாம் கேட்டுக்கு எதிரே, சைக்கிள் சீட்டில் தாளை வைத்து, ஷிப்டு விட்டு வந்தவர்கள் சுற்றி நின்று, "சீக்கிரம் எழுதுங்க தோழர், சங்கு ஊதப்போகுது" என்று விரட்ட விரட்ட எழுதியவை. இருந்த அவ்வளவு சுறுசுறுப்பும் அவர்களுடையது. என்னுடையது என்று இத்தனை வருடம் நினைத்திருக்கிறேன்.

மறுநாள் நாலே முக்காலுக்கு அட்டையும் பேனாவுமாக பஸ் ஸ்டாப்பில் நின்றேன். போன் அரிசிக்குள்ளேயே இருந்தது. பஸ்ஸில் பதினோரு பேரையும் சுற்றி உட்காரவைத்து, ஆளுக்கு ஒன்று சொல்லச் சொன்னேன். ஒருவர் மெஷினில் விரல் வைக்கும் நேரத்தைச் சொன்னார். ஒருவருக்கு ஷேர் ஆட்டோவே அந்நேரத்தில் கிடையாது. ஒருவர் வேலைக்குப் போகாவிட்டால் வீட்டில் மாத்திரை வாங்க ஆள் கிடையாது. வேகத்தடை ஏறும்போதெல்லாம் என் எழுத்தும் ஏறி இறங்கியது. கவுண்டம்பாளையம் தாண்டுவதற்குள் மனு முடிந்துவிட்டது. உரக்கப் படித்துக் காட்டினேன். வெற்றுத் தாளைக் கிழித்து ஜன்னலோரம் இருந்த அம்மாவின் பைக்குள் போட்டுவிட்டு, எழுதிய தாளில் புதிதாகக் கையெழுத்து வாங்கினேன்.

எனக்குப் பழைய கம்பீரம் வந்துவிட்டது. எல்லோரும் பாராட்டுவார்கள் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தேன். காந்திபுரத்தில் இறங்கும்போது செல்வி திரும்பிச் சொன்னார்: "இருவது நிமிசந்தானுங்கண்ணா ஆச்சு. மொத நாளே உங்களப் பஸ்ஸேத்தி உட்டிருக்கோணும்."

அலுவலகத்தில்

பத்தாம் நாள் பத்தரை மணிக்கு பஸ் கிளை அலுவலகத்தில் மனுவைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்ட குமாஸ்தா போனில் யாரோ மீன் பிடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மீன் மாட்டும் வரை பொறுத்திருந்து, முத்திரை வாங்கிக்கொண்டேன்.

அடுத்த மாதம் பிறந்தது. பஸ் நிற்கவில்லை. அதற்கடுத்த மாதமும் ஐந்து மணிக்கு வந்தது. பெண்கள் ஏறினார்கள், விரல் வைத்தார்கள். என் எழுத்துக்கு இன்னும் அந்தப் பலம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல், ஆர்டர் நகல் ஒன்று வாங்கி அந்தப் பழைய தோழர்கள் குழுவில் போடலாமே என்று அலுவலகத்துக்குப் போனேன். அதே குமாஸ்தா. ஒரு கட்டின் அடியிலிருந்து என் மனுவை உருவினார்.

"ஆட்சேபணை வந்துட்டா நாங்க குறிப்பு எழுதி மேல அனுப்போணுமுங்க. மேலருந்து பதில் வர்ற வரைக்கும் பஸ்ஸ நிறுத்த முடியாதுங்க. நானும் அந்தக் குறிப்ப இன்னைக்கு எழுதலாம், நாளைக்கு எழுதலாம்னு பாக்கறேன்... இந்தப் போன எடுத்தா நேரம் போறதே தெரியமாட்டீங்குது, போங்க."

ஒத்திப்போடும் பழக்கத்தை எதிர்த்துப் பத்து நாள் போராடி வென்ற நான், அந்த மனிதர் மட்டும் ஓய்வு பெறும்வரை திருந்திவிடக் கூடாது என்று, ஒரு சத்தமும் போடாமல் கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.