எதிர்வீட்டு வழியாக வந்த அழைப்பு

அக்கா மகளைத் தொட்டிலில் போடும் நாள். எங்கள் வீட்டில் தகப்பன்தான் குழந்தையின் காதில் மூன்று தடவை பெயர் சொல்ல வேண்டும். அக்கா புருஷனான மாமாவோ வெளிநாட்டுத் துறைமுகம் ஒன்றில் கப்பல் பழுது பார்க்கிறார். அந்த நாட்டில் போனில் எழுதி அனுப்பினால் போகும். வீடியோவில் முகம் பார்த்துப் பேசினால் அரசாங்கம் தடுத்துவிடும். அதனால் நான் வாடகைக்கு ஒரு சர்வர் பிடித்து, அதில் நுழையும் லிங்கை அக்கா போனிலிருந்து அவருக்கு அனுப்பி, அவர் அழைப்பை அதன் வழியாகச் சுற்றிக் கொண்டுவந்திருந்தேன். இரண்டு மாதமாகத் திருவொற்றியூரில் உட்கார்ந்துகொண்டு தினமும் அவர் முகத்தைப் பார்த்தோம். எனக்குத் தலைகால் புரியவில்லை, அவ்வளவு பெருமை!

அன்று காலை பார்த்து அழைப்பு போகவில்லை. சர்வர் கம்பெனியிலிருந்து கடிதம்: சந்தேகத்துக்குரிய நடமாட்டம், பாதுகாப்புக்காக மூடிவிட்டோம். கணக்கைத் திறந்து பார்த்தால், ஒரே துறைமுகத்திலிருந்து நாற்பது பேர் முண்டியடித்திருக்கிறார்கள். தாக்குதல் என்று அவர்கள் இயந்திரம் முடிவுகட்டிவிட்டது.

"அக்கா, அந்த லிங்க யாருக்குக் குடுத்தே?"

"அங்க வேலைக்குப் போன ஆம்பளைங்க பொண்டாட்டிங்க குரூப்ல போட்டேன். அவளுங்களுக்கும் புருசன் மூஞ்சியப் பாக்கணும்னு கீதுல்ல? நாம மட்டும் வெச்சிக்கினா நல்லாவா கீது?"

கத்தி என்ன பயன்? வலையில் விழுந்த மீனைத் தெருவுக்கே பங்கு போட்டுப் பழகிய வீடு. ரகசியம் என்று நான்தான் சொல்லியிருக்க வேண்டும். நல்ல நேரம் முடிய ஒரு மணி நேரம்தான் இருந்தது.

அப்போதுதான் பொறி தட்டியது. சர்வர் எதற்கு? ஒவ்வொரு வீட்டு இணையத்திலும் ஒரு சின்ன வழி திறந்தால் போதாதா? ஓடினேன்! ஐந்து வீடு ஏறி இறங்கி, பழைய போன்களில் அந்த வழியைத் திறக்கும் செயலியைப் போட்டு, ஐந்து லிங்கையும் மாமாவுக்கு அனுப்பினேன். ஐந்தும் ஊத்திக்கொண்டன. ஐந்துக்கும் ஒரே கம்பெனி இணையம். வெளியிலிருந்து வரும் எதையும் உள்ளே விடாத காவல் போட்டிருந்தார்கள். அதுவும் பாதுகாப்புக்குத்தானாம், நாசமாய்ப் போக!

எதிர்வீட்டுக்காரி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் லாரி வரிசையில் அக்காவோடு குடுமிப்பிடிச் சண்டை போட்டவள். ஒரு வருஷமாகப் பேச்சில்லை.

"இன்னா நைனா, என் வூட்ட மட்டும் தாண்டிப் போறே? என் புருசனும் அங்கதான் கீறாரு. என் வூட்ல கேபிள்காரன் நெட்டு. வந்து பாரு."

போட்டேன். லிங்கை மாமாவுக்கு அனுப்பினேன். கேபிள்காரன் அந்தக் காவல் எதுவும் போட்டிருக்கவில்லை; சற்று நேரத்தில் அவள் போனில் 'ஒருவர் இணைந்தார்' என்று வந்தது. "வந்துட்டாரு! வந்துட்டாரு!" என்று அவள் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது.

நான் வீட்டுக்குள் பாய்ந்தேன். அக்கா கைப்போனில் மாமாவின் முகம், கன்னத்தில் கிரீஸோடு! அக்கா போனைக் குழந்தையின் காதருகே பிடித்தாள். மூன்றாவது தடவை பெயர் சொல்லும்போது மாமா அழுதுவிட்டார். நானும் அழுதேன், அதில் வெட்கமென்ன.

"யார் வூட்டு வழியா வந்தாரு?" என்று அக்கா கேட்டாள். எதிர்வீட்டைக் காட்டினேன்.

"அவள வரச் சொல்லு. மொதல்ல தொட்டில அவ ஆட்டட்டும்."

போய்ச் சொன்னேன். அவள் போனை இரண்டு கையாலும் பிடித்தபடி நகராமல் நின்றாள். "இத வுட்டுட்டு வந்தா கட்டாயிடும்னு பயமா கீது நைனா. அவரு ஆசை தீரப் பேசட்டும்."

எங்கள் வாசலுக்கு வந்திருந்த அக்கா அதைக் கேட்டுவிட்டாள். மாமாவின் முகத்தை ஒரு கையிலும் குழந்தையை மறு கையிலும் எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்து போனாள்.