சமாதி மேல் நின்ற பொம்மை

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினவள். எதற்கும் பயந்ததில்லை. ஆனால் அன்று செவிலிமேட்டு இடுகாட்டில் பயந்துவிட்டேன்.

என் வீட்டுக்காரர் சமாதிக்குப் பூ வைக்கப் போயிருந்தேன். தலை நரைத்த ஒருவர், தோளில் ஆபீஸ் பையோடு, போனையும் தரையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நடந்தார். நிலம் அளக்கிறார், சமாதியை எடுக்கப் போகிறார்கள், பக்கத்தில் எனக்கென்று விட்ட இடமும் போச்சு என்று நினைத்து, அவர் எதிரே போய் நின்றேன்.

“யார்ப்பா நீ? எதுக்கு அளக்குற?”

“அளக்கலம்மா, கேம் ஆடிக்கினு இருக்கேன். போன்ல மட்டும் தெரியுற பொம்மைய நடந்து நடந்து புடிக்கணும். ஒண்ணு இந்தச் சமாதி மேல நிக்குது. உங்களவரு சமாதியா? நீங்க சொன்னா புடிக்கிறேன், இல்லன்னா போயிடுறேன்.”

அப்போதுதான் கவனித்தேன். செருப்பை வாசலிலேயே விட்டிருந்தார். போனில் சத்தமே இல்லை. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“புடிச்சிக்கினு போப்பா. வீட்டுக்குள்ள ஒரு பூனையக்கூட விடமாட்டாரு அந்த மனுஷன்.”

அவர் சிரிக்கவில்லை. சமாதியைக் கும்பிட்டுவிட்டுப் போனை மெல்லத் தட்டினார். “ஆச்சும்மா” என்று சொல்லிப் போய்விட்டார். என்ன பொம்மை என்று கேட்காமல் விட்டுவிட்டேன்.

கண்ணு, ஆயா சொல்லச் சொல்ல நீ எழுதினத ஒருவாட்டி படிச்சிக் காட்டு. பூனை வர்ற இடத்துல மெதுவா படி, தாத்தா காதுல விழப்போவுது.