கக்கத்து வலியும் ஆம்பூர் ரயிலும்

எனக்கு மகன் பிறந்த செய்தியோடு மைத்துனரின் கார்டு வந்தபோது, கோலார் தங்கவயலின் ஊரிகம் கூலி லைனில் பிளேக் நோட்டீசை உரக்கப் படித்துக்கொண்டிருந்தேன். தாயும் சேயும் நலம், உடனே வரவும். ஏழாம் மாதத்தில் ஆம்பூர்ப் பக்கம் தாய்வீடு போன மனைவியை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. மீதி நோட்டீசை எப்படிப் படித்தேனோ! "இன்னா ரைட்டரே, காய்ச்சல்னு படிச்சிட்டு சிரிக்கிறியே?" என்று ஒருவர் கேட்டார்.

சுரங்க ஆபீசில் ஆள் பேர் எழுதுவது என் வேலை. நோட்டீஸ் படிக்க யாரும் என்னைக் கேட்கவில்லை, நானாகவே போனேன். படித்ததோடு நின்றேனா? கக்கத்தில் நெறி கட்டும் என்று அதில் போட்டிருந்தது. தினமும் காலையில் கக்கத்தை நன்றாக அமுக்கிப் பாருங்கள் என்றது என் சொந்தச் சரக்கு. ஒரே வாரத்தில் லைன் முழுக்க அதுவே பழக்கமாகிவிட்டது. சுரங்கத்துக்குள் கேஜில் இறங்குமுன் ஒரு கையைத் தூக்கி மறு கையால் அமுக்கியபடி வரிசையாக நிற்பார்கள். குழாயடியில் பெண்களும் அப்படித்தான்.

நோய் இல்லை என்று ஆஸ்பத்திரி டிரெஸர் சீட்டு எழுதிக் கொடுத்தால்தான் ரயிலில் ஏற முடியும். கார்டு வந்த நாள்முதல் நான் மணிக்கொரு தரம் அமுக்கினேன். மூன்றாம் நாள் இடது கக்கத்தில் கொண்டைக்கடலை அளவுக்கு ஒன்று தட்டுப்பட்டது. நாக்கு வறண்டது, உடம்பு வியர்த்துக் கொட்டியது. மகன் முகத்தைப் பார்க்காமலே போகப்போகிறேன் என்று முடிவே செய்துவிட்டேன்.

டிரெஸர் நாடி பிடித்தார். "காய்ச்சல் இல்ல தம்பி. ஆனா நாடி வேகமா ஓடுது, நெறியும் கட்டிக்கீது. ஷெட்டுக்குப் போ, பாக்கலாம்."

மண்மேட்டுக்கு அப்பால் நோய்ச் சந்தேகம் உள்ளவர்களைத் தனியே வைக்க மூங்கில் தட்டியால் கட்டிய ஷெட். என் லைன் ஆட்கள் ஆறு பேர் முன்பே அங்கே இருந்தார்கள். ஒருவருக்கும் காய்ச்சல் இல்லை, எல்லோருக்கும் நெஞ்சு படபடப்பு. மறுநாள் டிரெஸர் எங்களை வரிசையாக நிறுத்திப் பார்த்தார். கடைசி ஆள் வந்ததும் சிரித்துவிட்டார்.

"ஏழு பேருக்கும் இடது பக்கம். பிளேக்குக்கு இடது வலது தெரியுமாப்பா? எந்தக் கையால அமுக்கனீங்க?"

ஏழு வலது கைகள் மெல்ல மேலெழுந்தன.

"நோட்டீஸ்லயே போட்டிருக்குதாமே சார்" என்றார் ஒரு மேஸ்திரி.

"போடலை, நான் சேர்த்துச் சொன்னது" என்றேன். அதைச் சொல்லி முடிப்பதற்குள் காதெல்லாம் சூடாகிவிட்டது. மேஸ்திரி என் வலது கையைப் பார்த்து, "படிச்ச கையாச்சே, கொஞ்சம் கட்டித்தான் வையேன்" என்றார்.

மூன்று நாள் தொடாமல் இருந்தால் சீட்டு தருவதாக டிரெஸர் சொன்னார். மூன்று நாள்! அமுக்கியதால் வந்த வீக்கம் என்று மனத்துக்குத் தெரிகிறது, விரலுக்குத் தெரியவில்லை. "ரைட்டர் கை போவுது, பாரு!" என்று யாராவது கத்துவார்கள், நான் கையை இழுத்துக்கொள்வேன். நடுப்பகலில் ஊரிகம் ஸ்டேஷனிலிருந்து ரயில் ஊதும்போதுதான் தாங்காது. அவளுடைய நெற்றியையும் என் மூக்கையும் சேர்த்து மகனுக்கு மனசுக்குள் ஒரு முகம் செய்து பார்ப்பேன். ரயில் சத்தம் அடங்குவதற்குள் அது கலைந்துவிடும். திரும்ப முதலிலிருந்து செய்வேன். அந்த வேலை இருக்கும்வரை கை சும்மா கிடந்தது.

நான்காம் நாள் கடலையைக் காணோம். சீட்டு கிடைத்தது.

மனைவியின் ஊர் எல்லையிலேயே தலையாரி தடியை நீட்டி மறித்தார். கோலார் பக்கமிருந்து வருகிறவன் பத்து நாள் வெளியே தோப்பில்தான் தங்க வேண்டுமாம். சீட்டைக் காட்டினேன், அவர் அதை ஏறிட்டும் பார்க்கவில்லை. அதற்குள் யாரோ சொல்லி, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் அவள் வந்துவிட்டாள். இளைத்திருந்தாள். கையில் ஒரு துணிச்சுருள்.

"அங்கியே நில்லுங்க! உடம்பு எப்படிக் கீது?"

"நல்லாத்தான் இருக்கேன். துணியை விலக்கு, முகம் தெரியலை."

"வெயில் அடிக்குது, அவனுக்குக் கண்ணு கூசும்."

"ஒரே ஒரு தரம்."

முந்தானையால் நிழல் பிடித்துக்கொண்டு துணியை விலக்கினாள். சிவப்பாக, உள்ளங்கையளவில் ஏதோ அசைந்தது.

"மூக்கு யார் மாதிரி?" என்று கத்தினேன்.

"பத்து நாள் கழிச்சி நீங்களே பாத்துச் சொல்லுங்க" என்றாள். சொன்னவள் போகவில்லை. நானும் நின்றுகொண்டே இருந்தேன்.